இடது கைப் போல்ட்

நமீபியாவின் விண்ட்ஹுக் விமான நிலையத்தில் வெளிநாட்டுத் துப்பாக்கிகளைப் பதிவு செய்ய ஒரு சின்ன அறை உண்டு. அங்கே உட்கார்ந்திருந்த ஷிகோங்கோ என்ற போலீஸ்காரர் எங்கள் பெட்டியைத் திறந்து பார்த்தார், மூடினார், மறுபடியும் திறந்தார்.

"மேமே, இது என்னது?"

அந்த ஊரில் பெண்களை மரியாதையாக அப்படித்தான் கூப்பிடுவார்கள்.

"துப்பாக்கி," என்றேன்.

"துப்பாக்கி மாதிரிதான் இருக்கு. போல்ட் எங்கே?"

எட்டிப் பார்த்தேன். போல்ட் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் பொந்து. தோட்டாவை உள்ளே தள்ளிப் பூட்டுகிற அந்த இரும்புத் தண்டு இல்லையென்றால் துப்பாக்கி வெறும் குழாய்தான். திரும்பி என் கணவன் எய்விண்டைப் பார்த்தேன். அவன் சுவரில் மாட்டியிருந்த காண்டாமிருகப் படத்தை ரசித்துக்கொண்டிருந்தான்.

"எய்விண்ட், போல்ட் எங்க?"

"அடடா," என்றான். "வீட்டுல இருக்கும். சின்னப் பெட்டகத்துல. எப்பவும் அங்கதானே வைப்பேன்."

எங்கள் ஊர்ப் பக்கம் பழைய வேட்டைக்காரர்களுக்கெல்லாம் இந்தப் பழக்கம் உண்டு. துப்பாக்கி ஒரு பெட்டகத்தில், போல்ட் வேறொன்றில். திருடன் ஒன்றைத் தூக்கிப் போனாலும் அவனுக்குப் பிரயோஜனமில்லை, குழந்தை கை வைத்தாலும் பயமில்லை. எய்விண்டின் அப்பா போல்ட்டை மாவு டப்பாவுக்குள் வைத்திருந்தாராம். அதனால் வெளிநாட்டு வேட்டைக்குப் போகும்போது போல்ட்டை விட்டுவிட்டுக் கிளம்புகிற கூத்து நார்வேக்காரர்களிடம் நடக்கும். எல்வெரூம் ஊரில் இருபது வருஷமாக வேட்டைப் பயண அலுவலகம் வைத்திருக்கிறேன். என் மூலமாகப் போகிற ஒவ்வொருவனுக்கும் கிளம்புகிற காலையில் போன் போட்டு, "போல்ட் எடுத்தாச்சா?" என்று கேட்டுவிடுவேன். ஊரையெல்லாம் கேட்டவள் வீட்டுக்காரனைக் கேட்கவில்லை.

ஷிகோங்கோ சிரித்துவிட்டார். "இதை வெச்சு நீங்க ஒரு கோழியக்கூட சுட முடியாது. அதனால எனக்கு ஒரு சங்கடமும் இல்ல. எண் சரியா இருக்கு, போங்க." முத்திரையைக் குத்தினார். எய்விண்டும் சேர்ந்து சிரித்தான். எனக்கு இரண்டு பேரையும் அறைய வேண்டும் போல இருந்தது.

போன இலையுதிர்காலத்தில் எய்விண்டின் வலது கை விரல்கள் சட்டைப் பொத்தானைப் போட மறுத்தன. குளிர் என்றான். பிறகு காபிக் கோப்பை கையிலிருந்து நழுவியது. ஹாமர் ஆஸ்பத்திரிக்குப் போனோம், அங்கிருந்து ஓஸ்லோவுக்கு அனுப்பினார்கள். தசையெல்லாம் கரைகிற வியாதியாம். கையில் தொடங்கும், காலுக்குப் போகும், கடைசியில் மூச்சுக்கு வரும். குணப்படுத்த மருந்து கிடையாது. அந்த டாக்டர் பெண் நல்லவள். வீட்டில் என்னென்ன மாற்ற வேண்டும், பிற்பாடு என்னென்ன வேண்டியிருக்கும் என்று எங்கள் இருவரோடும் உட்கார்ந்து பேச ஒரு நாள் குறித்துக் கொடுத்தாள். நான் அந்த நாளைத் தள்ளிப் போட்டேன். அடுத்ததையும் தள்ளிப் போட்டேன். அதற்குப் பதிலாக நமீபியாவுக்கு ஏற்பாடு செய்ய ஆரம்பித்தேன்.

எய்விண்ட் காட்டில் மரம் வெட்டும் இயந்திரம் ஓட்டியவன். நான் ஊரில் உள்ளவனையெல்லாம் ஆப்பிரிக்காவுக்கு அனுப்பிக்கொண்டிருந்தபோது அவன் வீட்டில் உருளைக்கிழங்கு வேகவைத்துக்கொண்டிருந்தான். கல்யாணமான புதிதில் ஒரு தடவை சொன்னான், திருகுக் கொம்புள்ள குடு மான் ஒன்றை மட்டும் சுட்டுவிட்டால் போதும், வேறெதுவும் வேண்டாம் என்று. அதற்கப்புறம் அவன் கேட்கவே இல்லை. நானும் அடுத்த வருஷம், அடுத்த வருஷம் என்று விட்டுவிட்டேன். இப்போது அவன் கையில் உயிர் இருக்கும்போதே அந்த மானை அவனுக்கு வாங்கிக் கொடுத்துவிட வேண்டும் என்று வெறி பிடித்தது எனக்கு. வெறி என்றால் வெறிதான்.

வலது கை போய்விட்டதால் அவன் இடது தோளில் வைத்துச் சுடக் கற்றுக்கொண்டான். கொங்ஸ்விங்கரில் ஒரு துப்பாக்கி ஆசாரியிடம் கெஞ்சி, போல்ட் இடது பக்கம் இருக்கிற மாதிரி துப்பாக்கி செய்ய வைத்தேன், விரல் பட்டாலே விசை விடுகிற மாதிரி. நடுவில் இறங்கினால் ஆயுதத்துக்குத் தனி அனுமதி கேட்கிற விமான நிலையங்களையெல்லாம் ஒதுக்கிவிட்டு ஃப்ராங்ஃபர்ட் வழியாக டிக்கெட் போட்டேன். தோட்டாவுக்குத் தனிப் பெட்டி, அதற்குத் தனிப் பூட்டு. கொம்பைக் கப்பலில் கொண்டுவர ஆள்கூடப் பேசி வைத்தேன். சக்கர நாற்காலி வேண்டுமா என்று விமானக் கம்பெனி கேட்ட இடத்தில் வேண்டாம் என்று அழுத்தினேன்.

மே மாதம் வருஷாந்தரத் துப்பாக்கிச் சோதனை வந்தது. எங்கள் நாட்டில் பெரிய மிருகத்தைச் சுட வேண்டுமானால் கிழவனானாலும் ஒவ்வொரு வருஷமும் அட்டை மானின் நெஞ்சில் ஐந்து குண்டையும் வட்டத்துக்குள் போட்டுக் காட்ட வேண்டும். எய்விண்ட் தன் தம்பி ஹல்வரோடு போய்விட்டு வந்து, "பாஸ்," என்றான். நான் கேக் சுட்டேன். ஹல்வர் இரண்டு துண்டு தின்றான், வாயே திறக்கவில்லை. அன்றைக்கு அது எனக்கு உறைக்கவில்லை.

விமான நிலையத்திலிருந்து பண்ணைக்கு வடக்கே மூன்று மணி நேரம். வழி நெடுக நான் போனில்தான் இருந்தேன். பண்ணைக்காரி அல்முட் கதவருகே வந்து நின்றாள். அவள் கொள்ளுத்தாத்தா காலத்திலேயே ஜெர்மனியிலிருந்து வந்த குடும்பம். எனக்கு நெடுநாள் சிநேகிதி.

"என்கிட்ட இருக்கற துப்பாக்கி எல்லாம் வலது கைக்காரனுக்குத்தான்," என்றாள். "அக்கம்பக்கத்துப் பண்ணையிலயும் கேட்டுட்டேன். முதல்ல உக்காந்து ஒரு காபி குடி, துரிட்."

"காபியெல்லாம் அப்புறம். உன் வைஃபை சொல்."

"மனுசன் களைச்சு போயிருக்கான், பாரு. அவன் எங்க போறதுன்னு கேக்கறான்."

"தண்ணி குடிக்க மான் வர்ற இடத்துல உக்கார வை. நான் போல்ட்ட வரவழைக்கிறேன்."

அல்முட் என்னை ஒரு மாதிரி பார்த்தாள். பிறகு அவனைக் கைத்தாங்கலாக ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போனாள்.

போல்ட்டைத் தபாலில் அனுப்ப முடியாது. சட்டப்படி அதுவும் ஆயுதம்தான். மனுஷன்தான் கொண்டுவர வேண்டும், அவன் காகிதத்தில் அது ஏறியிருக்க வேண்டும். நான் ஏற்பாடு செய்த டிரிசில் ஊர் வேட்டைக் கோஷ்டி ஒன்று மறுநாள் நமீபியாவுக்குக் கிளம்பப் போகிறது என்பது நினைவுக்கு வந்ததும் எழுந்து குதித்தேன். கோஷ்டித் தலைவனைப் பிடித்தேன். அவன் முதலில் முனகினான். போன வருஷம் அவன் மனைவியின் பெட்டி காணாமல் போனபோது அதைத் தேடிப் பிடித்தவள் யார் என்று ஞாபகப்படுத்தினேன். சரி என்றான். ஹாமரில் போலீஸ் உரிமம் பார்க்கிற பெண்ணைப் பிடித்தேன். "இது பத்து நாள் வேலை," என்றாள். என் புருஷனுக்கு என்ன வியாதி என்று சொன்னேன். அதுவரை நான் அந்தப் பெயரை யாரிடமும் வாயால் சொன்னதில்லை. உடனே அவள், "ரெண்டு மணிக்குள்ள போல்ட்ட என் மேசைக்குக் கொண்டாங்க, எண்ணைப் பாத்து ஏத்திடறேன்," என்றாள். விமானக் கம்பெனியும் ஒத்துக்கொண்டது. ஷிகோங்கோவுக்குப் போன் போட்டேன். "நீங்க போலீஸ் வேலைக்கு வந்திருக்கணும் மேமே," என்று சிரித்தார்.

எல்லாக் கதவும் திறந்துவிட்டது. இனி ஹல்வர் எங்கள் வீட்டுக்குப் போய்ப் போல்ட்டை எடுத்துக்கொண்டு ஹாமருக்குக் கார் ஓட்ட வேண்டும், அவ்வளவுதான். வேலையிலிருந்து ஓய்வு பெற்று மீன்பிடிக்கிறவனுக்கு இது ஒரு விஷயமா?

"ஹல்வர், சாவி எங்க இருக்குன்னு தெரியும்ல? சின்னப் பெட்டகம். போல்ட்ட எடுத்துக்கிட்டு உடனே கிளம்பு."

மறுமுனையில் நாற்காலி நகர்கிற சத்தம்தான் கேட்டது.

"கேக்குதா?"

"கேக்குது."

"அப்ப கிளம்பு!"

"மாட்டேன், துரிட்."

"என்ன மாட்டே? கார் ரிப்பேரா? டாக்ஸி பிடி. ஏரோப்பிளேன் பிடி. எனக்குத் தெரியாது."

"போல்ட் பெட்டகத்துல இல்ல," என்றான் ஹல்வர். "இங்க என் சமையலறை மேசை மேல இருக்கு. கிளம்பறதுக்கு முந்தின நாள் அவனே கொண்டாந்து குடுத்தான். நீ தலைகீழா நின்னாலும் குடுக்கக் கூடாதுன்னு சத்தியம் வாங்கிட்டான்."

"ஏன்?"

"அத அவன்கிட்டயே கேளு." அப்புறம் அவன் அழுகிற சத்தம் கேட்டது. ஹல்வர் அழுது நான் அதுவரை கேட்டதில்லை.

போனை மேசையில் எறிந்துவிட்டு நடந்தேன். ஜீப் தடத்தோடு, முள் கிழிக்க, வாயில் வந்த வசவையெல்லாம் உதிர்த்துக்கொண்டு போனேன். குட்டையைப் பார்த்தபடி கல் அடுக்கிக் கட்டிய மறைப்புக்குள் எய்விண்ட் உட்கார்ந்திருந்தான். அல்முட் அவனுக்குக் கம்பளி போர்த்திவிட்டுக் கொஞ்ச தூரம் தள்ளி ஜீப்பில் இருந்தாள். அவன் வலது கை மடியில் கிடந்தது, யாரோ மறந்து வைத்துவிட்டுப் போன கையுறை மாதிரி.

"ஹல்வர் சொல்லிட்டானா?" என்றான். "ஒரு வாரமாவது தாங்குவான்னு நெனச்சேன்."

"என்னை எல்லார் கால்லயும் விழ வெச்சிட்டே. ரெண்டு மணிக்குள்ள ஹல்வர் போல்ட்டக் கொண்டாருவான்னு போலீஸ் வரைக்கும் கெஞ்சிட்டு வந்திருக்கேன்!"

"மெதுவாப் பேசு. மான் வர்ற நேரம்."

"வந்தா என்ன? கல்லால அடிப்பியா?"

சிரித்தான். எனக்கு அந்தச் சிரிப்பு ரொம்பப் பிடிக்கும். அந்த நேரத்தில் அதைப் பார்க்கவே முடியவில்லை.

"மே மாசம் பாஸ்னு சொன்னேன்ல," என்றான். "பொய். அஞ்சுல ரெண்டு வட்டத்துக்கு வெளிய. ஒண்ணு வயித்துல. மறு வாரம் போனேன், இன்னும் மோசம். இந்தக் கையும் போயிட்டிருக்கு துரிட். நீதான் பாக்கல."

"அந்தச் சோதனைய இங்க யாரும் கேக்கலையே!"

"நான் கேக்கறேன்ல? வயித்துல குண்டு வாங்கின மான் அந்த முள்ளுக்குள்ள போய் ரெண்டு நாள் கிடந்து சாகும். அதுதான் என் கடைசி வேட்டையா இருக்கணுமா? நீ போல்ட்ட கையில குடுத்து, பக்கத்துல நின்னு, 'சுடு எய்விண்ட்'னா நான் சுட்டுடுவேன். உனக்கு மாட்டேன்னு சொல்ல எனக்கு வராது. அதான் கைக்கு எட்டாம வெச்சிட்டு வந்தேன்."

"வீட்டுலயே சொல்லித் தொலைச்சிருக்கலாம்ல?"

"எப்ப சொல்றது? ஏற்பாடு பண்ணும்போது மட்டும்தான் நீ அழாம இருந்தே."

நான் மண்ணில் உட்கார்ந்துவிட்டேன். அவன் சொன்னது அப்பட்டமான உண்மை. ஒரு டிக்கெட் பாக்கி இருக்கிறவரை, ஒரு பூட்டு வாங்க வேண்டியிருக்கிறவரை அவன் சாக முடியாது என்று என் மனசுக்குள் ஒரு பைத்தியக்காரக் கணக்கு ஓடிக்கொண்டிருந்தது. மான் எனக்குத்தான் வேண்டியிருந்தது. அவனுக்கு வேண்டியது வேறு.

"டாக்டர் குடுத்த நாள நீ தள்ளிட்டே இருக்கே," என்றான். "எனக்குப் பயமா இருக்கு. மூச்சு முட்டும்போது என்ன பண்றது, யாரைக் கூப்பிடறது, படுக்கைய எங்க போடறது, ஒண்ணும் தெரியல. ஊர்ல யார் எங்க போனாலும் வாசல்லருந்து வாசல் வரைக்கும் நீ ஏற்பாடு பண்ணித் தர்றே. எனக்கும் பண்ணு. என்னைத் தனியா அனுப்பாத."

இத்தனை வருஷத்தில் அவன் என்னிடம் பயம் என்று சொன்னதே இல்லை. அவன் முழங்காலில் முகத்தை வைத்துக்கொண்டு அழுதேன், சத்தம் வராமல் இருக்கக் கம்பளியைக் கடித்துக்கொண்டு. அவன் இடது கையைத் தூக்கி என் தலையில் வைக்கப் பார்த்தான். பாதி தூரம்தான் வந்தது. மீதியை நான் தூக்கி வைத்துக்கொண்டேன்.

அப்போது அவன் உடம்பு சட்டென்று அசையாமல் நின்றதை உணர்ந்தேன். தலையைத் திருப்பினேன். குட்டையின் அந்தக் கரையில் குடு ஆண் நின்றது. சாம்பல் உடம்பில் வெள்ளைக் கோடுகள், மூன்று சுற்றுத் திருகிய கொம்புகள். காதை ஆட்டிப் பார்த்துவிட்டு முன்னங்காலை அகட்டித் தண்ணீர் குடித்தது. பக்கவாட்டில், நெஞ்சைக் காட்டிக்கொண்டு. எய்விண்டின் இடது ஆட்காட்டி விரல் என் தலைமுடிக்குள் மெல்ல மடங்கியது, மடங்க முடிந்த அளவுக்கு. பிறகு விட்டுவிட்டது.

"வந்தாச்சு, பாத்தாச்சு," என்று முணுமுணுத்தான்.

கண்ணைத் துடைத்துக்கொண்டேன். எனக்குத் தெரிந்த வேலை ஒன்றுதான், அதைத்தான் தொடங்கினேன்.

"நம்ம குளியலறைக் கதவு எவ்வளவு அகலம்?"

"எழுபது சென்டிமீட்டர். சக்கர நாற்காலி போகாது. ஏப்ரல்லயே அளந்துட்டேன்."

"அந்தக் கையோட எப்படி அளந்தே?"

"டேப்போட மறுமுனைய ஹல்வர் புடிச்சான்," என்றான். "நீ அப்ப பக்கத்து அறையில கொம்புக்குக் கப்பல் பேசிட்டிருந்தே."

குடு நிதானமாகக் குடித்து முடித்து, தலையைத் தூக்கி, முள்ளுக்குள் போய்விட்டது.

"கதவு நிலைய இடிக்கணும்," என்றேன். "ஹல்வர இன்னிக்கே ஆரம்பிக்கச் சொல்றேன்."

"சொல்லு," என்றான் எய்விண்ட். "ரெண்டு மணிக்கு அவனுக்கு வேற வேலை இல்ல."