பதினோரு வருஷத்து ஈரம்

அந்தக் குணச்சித்திர நடிகர் பதினோரு வருஷம் சொட்டச் சொட்ட நனைந்தபடியே இருந்தார். ஒரு செவ்வாய்க்கிழமை, உச்சி வெயிலில், லாரித் தண்ணீரைப் பீய்ச்சி மழைக்காட்சி எடுத்தார்கள். அவர் நனைந்துகொண்டே வந்து வீட்டுக் கதவைத் தட்ட வேண்டும். கதவு திறந்து மனைவி துண்டு நீட்டுவதை இன்னொரு நாள் செட்டுக்குள் எடுப்பதாக ஏற்பாடு. "அப்படியே இருங்க சார், கண்டினியூட்டி மாறக்கூடாது" என்று சொல்லிவிட்டு டைரக்டர் கிளம்பினார். மறுநாளே அவருக்கும் தயாரிப்பாளருக்கும் முட்டிக்கொண்டது, படம் நின்றது. நம் ஆள்தான் சொன்னால் சொன்னபடி கேட்கிறவராயிற்றே, அப்படியே இருந்தார். எத்தனை துவட்டினாலும் தலைமுடியிலிருந்து தண்ணீர் இறங்கியது. டாக்டர் காதைப் பார்த்தார், நாக்கைப் பார்த்தார், கடைசியில் தன் நாற்காலியைத் துடைத்துவிட்டு அனுப்பிவைத்தார்.

பிழைப்புக்குக் குறைவில்லை. ஆற்றில் விழுந்தவன், குடை தொலைத்தவன் என்று ஈரமான வேஷமெல்லாம் அவரைத் தேடி வந்தது. மேக்கப்காரர் பவுடர் டப்பாவைத் திறப்பதையே விட்டுவிட்டார். வீட்டில்தான் பாடு. மனைவி காலையில் ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை தரையைத் துடைத்தாள். மெத்தை மூன்று மாற்றினார்கள். நாலாவது வருஷம் அவளுக்கு இழுப்பு வந்தது, ஈரமே ஆகாது என்றார்கள், அவள் கட்டில் அடுத்த அறைக்குப் போனது. "கோவிச்சுக்காதீங்க, மூச்சு விட முடியல" என்றாள். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. காய்ந்த சட்டையோடு ஒரு நாள் அவள் பக்கத்தில் போய்ப் படுக்க வேண்டும், அவ்வளவுதான் அந்த மனுஷனுக்கு இருந்த ஆசை.

பன்னிரண்டாவது வருஷம் டைரக்டர் நரைத்த தலையோடு வாசலில் வந்து நின்றார். சமாதானம் ஆகிவிட்டதாம், அந்த ஷாட்டை எடுத்துவிடலாமாம். படத்தில் மனைவியாக நடித்தவர் எப்போதோ வெளிநாட்டில் செட்டிலாகிவிட்டார். கை மட்டும் தெரிந்தால் போதும் என்றார் டைரக்டர். "அப்போ நானே வரேன். பதினோரு வருஷமா ஒத்திகை பாத்துட்டுதானே இருக்கேன்" என்று நிஜ மனைவியே துண்டோடு கிளம்பிவிட்டாள். செட்டில் கதவு திறந்தது, கை துண்டை நீட்டியது, அவர் துடைத்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். ஒரே டேக்கில் ஓகே. அடடா, அந்த நிமிஷம்! காது மடல் காய்ந்தது, கழுத்து காய்ந்தது, சட்டைக் காலர் மொறமொறவென்று விறைத்தது. அவர் மனைவியைப் பார்த்துச் சிரிக்கப் போனார். "அம்மா, ஈரத் துண்டோட அந்தக் கைக்கு ஒரு க்ளோசப் இருக்கு, நாளைக்கு எடுத்துக்கலாம்" என்றார் டைரக்டர். "கையை அப்படியே வெச்சிருங்க." ஐயோ சொல்லாதீங்க என்று நடிகர் கத்துவதற்குள் அவர் சொல்லி முடித்திருந்தார்.

டைரக்டர் சொன்ன அந்த 'நாளைக்கு' இன்னும் வரவில்லை, படம் திரும்ப நின்றுபோய்விட்டது. அவள் வலது கையில் மணிக்கட்டு வரைக்கும் தண்ணீர் சொட்டுகிறது. ஒரு கையளவு ஈரத்துக்கு இழுப்பு வராது என்று டாக்டரே சொல்லிவிட்டதால், கட்டில் பழைய அறைக்கே வந்துவிட்டது. பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் வாளி. கையை அதற்குள் தொங்கவிட்டுக்கொண்டு அவள் அவரை ஒட்டித் தூங்குகிறாள். காலையில் வாளியைக் கொட்டுவதும் தரையைத் துடைப்பதும் அவர் வேலை. "அந்த மூலைய விட்டுட்டீங்க பாருங்க" என்கிறாள். அவர் மறுபடி குனிகிறார்.