பட்டியலில் இல்லாத மெமரி

சிப்பிப்பட்டினத்தில் ஒரு வீட்டுக்குள் காலம் எந்த வேகத்தில் ஓட வேண்டும் என்பதை அந்த வீட்டுக் கம்ப்யூட்டரின் மெமரி முடிவு செய்யும். கம்ப்யூட்டர் பெட்டியை வாசல் சுவரில் கரண்ட் மீட்டருக்குப் பக்கத்தில் வைத்திருப்பார்கள். கட்டி முடித்த கம்ப்யூட்டரை அங்கே யாரும் கடையில் வாங்குவதில்லை. எவனோ குறித்த வேகத்தில் நாம் எதற்குக் கிழடாக வேண்டும் என்று அவரவர் வீட்டில் அவரவரே பூட்டிக்கொள்வார்கள். கம்ப்யூட்டர் இல்லாத வீடுகள் ஊர் வேகத்திலேயே ஓடும். அவர்களைப் பற்றி, ஊரோடு ஒத்து வாழ்கிறவர்கள் என்று கொஞ்சம் நக்கலாகச் சொல்வார்கள்.

எமல்டாவின் வீடும் இரண்டு வருடமாக ஊரோடு ஒத்துத்தான் வாழ்ந்தது. பழைய கம்ப்யூட்டரை உப்புக் காற்று தின்றுவிட்டது. புதிதாகப் போர்டு, ஃபேன், பெட்டி எல்லாம் வாங்கிப் பூட்டிவிட்டாள். மெமரி ஒன்றுதான் பாக்கி. அந்த நேரத்தில்தான் அவளுடைய அப்பா மிக்கேல் படுக்கையில் விழுந்தார். டாக்டர் வந்து பார்த்து நான்கு நாள் என்றார். கப்பலுக்குப் போய்ப் பதினான்கு வருடமான அண்ணன் இஞ்ஞாசியின் கடிதமும் அன்றுதான் வந்தது. முப்பத்தைந்து நாளில் கரை சேருவேன் என்று எழுதியிருந்தான்.

அப்பா கடிதத்தை வாங்கி நெஞ்சின் மேல் வைத்துக்கொண்டார். "அவன் முகத்த ஒரு தடவ பாத்துட்டாப் போதும்ளா" என்றார். வேறு எதுவும் கேட்கவில்லை. எமல்டா அழுதாள். அழுது முடித்து முகம் கழுவிக்கொண்டு, பஜாரில் இருக்கிற சுடலைமுத்து கடைக்குப் போனாள்.

சுடலைமுத்து எல்லோரையும் கேட்கிற கேள்வியைத்தான் அவளையும் கேட்டார். "வரவா, போக்காம்மா?"

யாரையாவது எதிர்பார்த்திருக்கிற வீட்டுக்கு மெதுவான மெமரி போட வேண்டும். கிழமைகள் பறந்துவிடும். யாரையாவது வழியனுப்ப வேண்டிய வீட்டுக்கு வேகமானது. பெண்ணைக் கட்டிக் கொடுக்கப் போகிறவர்கள், கடைசி வாரத்தை ஒரு மாதமாக வாழ்ந்து தீர்ப்பார்கள்.

"ரெண்டுந்தான் அண்ணாச்சி. அண்ணன் வாரான், அப்பா போறாங்க."

சுடலைமுத்து காகிதத்தில் கணக்குப் போட்டார். ஊர் வேகம் இரண்டாயிரத்து நானூறு. அதில் பத்தில் ஒரு பங்கு என்றால், உள்ளே நான்கு நாள் கழிவதற்குள் வெளியே நாற்பது நாள் ஓடிவிடும். அவளுடைய போர்டுக்கு எந்தெந்த மெமரி பொருந்தும் என்ற பட்டியலை எடுத்து, விரலை மேலிருந்து கீழே இறக்கினார்.

"நானூத்தி எம்பதோட நிக்குதும்மா. அதப் போட்டா இருவது நாள் கெடைக்கும்."

"இருவது பத்தாதே."

"எங்கிட்ட இருநூத்தி நாப்பது ஒண்ணு கெடக்கு. ஆனா உங்க போர்டு பட்டியல்ல அது இல்ல."

பட்டியலில் இல்லாததைப் போட்டால் என்ன ஆகும் என்று அந்த ஊரில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். பொருந்தவில்லையென்றால் போர்டு மூன்று முறை கத்தும். மூன்றாவதுக்குள் பிடுங்கிவிட்டால் தப்பிக்கலாம். தவறினால் வீடு நின்றுவிடும். அப்புறம் எதைக் கழற்றினாலும் எதை மாட்டினாலும் ஓடாது. கீழத்தெருவில் லூர்து குடும்பம் அப்படித்தான் ஒரு கிறிஸ்துமஸ் அன்று நின்றது. ஜன்னல் வழியே பார்த்தால் இன்றைக்கும் கேக்கில் கத்தி பாதி இறங்கியிருப்பது தெரியும். அந்த வீட்டுக் கடைக்குட்டிக்குத் தும்மல் வரப் போகிறது. பதினொரு வருடமாக வரப் போகிறது.

"இது சின்ன அளவு வேற. தனியாப் போட்டா அடுப்படி வரைக்கும் எட்டாது. கூட ஒரு பெருசு மாட்டிக்கிடுங்க. ரெண்டாயிரத்தி நானூறே மாட்டலாம்."

"வேகம் வேற வேறயால்லா இருக்கும்?"

"இருந்தா என்ன? ஓடுதவனும் நொண்டுதவனும் கைகோத்துப் போனா, நொண்டுதவன் நடைதான ரெண்டு பேருக்கும்?"

எமல்டா இரண்டையும் வாங்கிக்கொண்டாள். பயம் இல்லாமல் இல்லை.

வாசலில் நின்று பெட்டியின் மூடியைத் திறந்தாள். முதலில் பெரியதைப் பொருத்தினாள். அப்புறம் இருநூற்று நாற்பதை இரண்டு கட்டைவிரலாலும் அழுத்தினாள். இரண்டு பக்கக் கொக்கிகளும் தாமாக மடங்கின. சுவிட்சைப் போட்டுவிட்டு, விரலை மெமரியின் மேலேயே வைத்திருந்தாள்.

போர்டு ஒரு முறை கத்தியது.

ஜன்னலுக்கு உள்ளே அப்பா தம்ளரைத் தூக்கிக்கொண்டிருந்தார். இன்னொரு முறை கத்தியது. எமல்டா பிடுங்கத் தயாரானாள். பிடுங்கிவிட்டால் அப்பாவுக்கு நான்கே நாள்தான். இதை நினைத்ததும் விரல் அசைய மறுத்தது. மூன்றாவது கத்தல் வருமென்று கண்ணை மூடிக்கொண்டாள்.

வரவில்லை. ஃபேன் சோம்பலாகச் சுற்ற ஆரம்பித்தது. உள்ளே தம்ளரிலிருந்த தண்ணீர் தேன் மாதிரி அப்பாவின் வாயில் இறங்கிக்கொண்டிருந்தது. எமல்டா மாதாவுக்கு நன்றி சொல்லிவிட்டு, செருப்பைக் கழற்றி உள்ளே போனாள்.

உள்ளே போனதும் எல்லாம் சாதாரணமாகத்தான் இருந்தது. வெளியேதான் அவசரம். கஞ்சி வைத்து இறக்குவதற்குள் ஜன்னலில் ஒரு பகல் போய் ஒரு இரவு வந்தது. கோயிலில் காலை மணியும் மாலை மணியும் ஒன்றையொன்று துரத்திக்கொண்டு அடித்தன. எதிர்வீட்டுக் கொடியில் துணிகள் வருவதும் மறைவதுமாக இருந்தன. சிலசமயம் ஒரு முகம் ஜன்னலில் தோன்றி, யாரென்று பார்ப்பதற்குள் காணாமல் போனது. அப்பா கடிதத்தை நெஞ்சிலிருந்து எடுக்கவேயில்லை. எமல்டா தூங்கவில்லை. தூங்கினால் பாதி நாள் வீணாகிவிடும் என்று அப்பாவின் மூச்சை எண்ணிக்கொண்டே உட்கார்ந்திருந்தாள்.

மூன்றரை நாள் முடிந்தபோது கதவு தட்டப்பட்டது. தையல் மிஷின் ஓடுகிற மாதிரி அத்தனை வேகமாகத் தட்டப்பட்டது. அப்பாவுக்கு இன்னும் அரை நாள் மிச்சம் இருந்தது. எமல்டா ஓடிப் போய்த் திறந்தாள்.

தோளில் பையோடு ஒரு வயசாளி வாசற்படி ஏறினார். நெற்றியில் அவள் சின்ன வயதில் சிலேட்டால் அடித்த தழும்பு இருந்தது. தலையில் ஒரு முடிகூடக் கறுப்பில்லை.

"எமல்டா, நல்லா வளந்துட்டியே" என்றான் இஞ்ஞாசி.

"உள்ள வாண்ணே. கப்பல்ல எத்தன போட்டிருந்தாங்க?"

"ஆறாயிரம்."

கப்பல் கம்பெனிக்காரர்கள் அப்படித்தான் போடுவார்கள். ஒரு நாளில் இரண்டரை நாள் வேலை வாங்கலாம். எமல்டா மனசுக்குள் பெருக்கிப் பார்த்தாள். இருபத்தேழு வயதில் போனான். பதினான்கு வருடம் அங்கே முப்பத்தைந்தாகிவிட்டது. அண்ணனுக்கு இப்போது அறுபத்திரண்டு. அப்பாவுக்கு அறுபத்தொன்று.

அப்பா மகனையே பார்த்தார். கண் நிறையப் பார்த்தார். பிறகு அவசரமாகச் சாரத்தை இறுக்கிக் கட்டிக்கொண்டு எழுந்து உட்கார்ந்தார்.

"வாங்க. உக்காருங்க" என்றார்.

"அப்பா, நான் இஞ்ஞாசி."

"தெரியுது. அதுக்காக வயசுக்கு உண்டான மரியாதய விட முடியுமா? ஒடம்புக்கு என்ன, எளச்சிப் போயிருக்கீங்க?"

இஞ்ஞாசி கட்டிலோரம் உட்கார்ந்து மூச்சு வாங்கினான். "கப்பல் டாக்டரு நாள் குறிச்சிட்டாருப்பா. இன்னும் மூணு இருக்கு. அதான் எறக்கி விட்டுட்டாங்க."

"எனக்கு அர நாள்தான் இருந்துது" என்றார் அப்பா. மகனின் நரைத்த தலையைப் பார்த்தார். "மூத்தவங்க இருக்கையில நான் முந்துதது மொறையில்ல."

சொல்லிவிட்டுக் கட்டிலை விட்டு இறங்கினார். யாருடைய கையையும் பிடிக்கவில்லை. தலையணையைத் தட்டிப் போட்டு மகனைப் படுக்க வைத்தார். பைக்குள்ளிருந்து அவன் போர்வையை எடுத்துக் கால் வரை இழுத்துவிட்டார். அப்பா எழுந்து நடந்ததில் எமல்டாவுக்குச் சந்தோஷம் பொங்கியது. அந்தச் சந்தோஷத்தை அவளால் பொறுக்க முடியவில்லை. அடுப்படிக்குப் போய் வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு அழுதாள். பிறகு மூன்று பேருக்குக் கஞ்சி வைத்தாள்.

அவள் திரும்பி வந்தபோது ஜன்னலுக்கு வெளியே கல்லறைத் தோட்டத்து அந்தோணி நின்றுகொண்டிருந்தான். டாக்டர் சொன்ன நான்காம் நாளே குழி வெட்டிவிட்டு, முப்பத்தொரு நாளாக அதில் விழுகிற சருகைப் பொறுக்கிக்கொண்டிருக்கிறானாம். அப்பா கம்பியைப் பிடித்துக்கொண்டு அவனிடம் பேசினார். அப்பாவின் ஒவ்வொரு சொல்லும் வெளியே போய்ச் சேர நேரம் பிடித்தது. அந்தோணி ஒரு பீடியைப் பற்றவைத்து, அது தீரும் வரை நின்று பொறுமையாகக் கேட்டுக்கொண்டான்.

"குழிய இன்னும் ஒரு சாண் நீட்டிரு, அந்தோணி" என்றார் அப்பா, கட்டிலில் கிடந்த மகனைக் காட்டி. "அண்ணாச்சி என்னவிட ஒசரம்."