முன்னுரிமை வரிசையில் ஹசின்தோ

வெல்டர் ஹசின்தோ மக்பனுவா செத்தது ஒரு செவ்வாய்க்கிழமை காலை ஒன்பதே முக்காலுக்கு. பத்தரைக்குத் தன் முறை வந்ததும் எழுந்து கவுன்டருக்குப் போனார். எங்கள் இலோய்லோ நகரில், சமூகப் பாதுகாப்பு அலுவலக வரிசையில் ஆள் நிற்பதில்லை, செருப்புதான் நிற்கும். செருப்பை விட்டுவிட்டு நிழலில் போய் உட்காரலாம். பின்னால் இருப்பவர் காலால் தள்ளித் தள்ளி முன்னே கொண்டுபோவார். செருப்பு இருக்கிறவரை ஆளும் இருப்பதாகவே அர்த்தம். சுவரில் சாய்ந்தபடி மூச்சு நின்றுபோனவரின் செருப்பையும் அப்படித்தான் தள்ளினார்கள். இத்தனை பேர் தள்ளியதை வீணாக்க அந்த மனுஷனுக்கு மனம் வரவில்லை.

அலுவலக மருத்துவர் நாடி பிடித்துப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார். கவுன்டரில் இருந்த பிளெசில்லா பெருமூச்சு விட்டாள்.

"மனோங் அண்ணே, நீங்க செத்துட்டீங்க. ஓய்வூதியம் உயிரோட இருக்கிறவங்களுக்குத்தான்."

"அப்போ நோய்க்கால உதவி?"

"அது குணமாகப் போறவங்களுக்கு."

"ஊனத்துக்குக் குடுக்கிறது?"

"பட்டியல்ல கட்டைவிரல் இருக்கு, காது இருக்கு. மொத்த ஆளும் போனா அதுக்கு வேற ஃபாரம்."

அந்த வேறு ஃபாரத்தில்தான் வினை இருந்தது. இறப்பு உதவி, சட்டப்படி மனைவியானவளுக்கு. சட்டப்படி மனைவி எமில்தா, இருபத்தாறு வருடங்களுக்கு முன் ஒரு பஸ் கண்டக்டரோடு தாவாவோவுக்குப் போனவள். எங்கள் நாட்டில் விவாகரத்து கிடையாது. பெண்டாட்டி ஓடிப்போகலாம், கல்யாணம் ஓடாது. அந்த இருபத்தாறு வருடமும் அவருக்குச் சோறு பொங்கி, தீப்பொறி பட்ட கைக்கு மருந்து போட்டவள் நோர்மிதா. இப்போது கண்ணில் புரை, தையல் வேலையும் போயிற்று. அவளுக்கு என்ன கிடைக்கும் என்று ஹசின்தோ கேட்டார்.

"ஈமச்சடங்கு உதவி மட்டும். யாரு செலவு பண்ணிப் புதைச்சாலும் அவங்களுக்கு."

அரசாங்கத்தின் பெரிய மனசைப் பாருங்கள்! கூட வாழ்ந்ததற்கு ஒன்றுமில்லை, குழி தோண்டினால் உண்டு.

"நான் செத்ததுக்கு உங்ககிட்ட என்ன சான்றிதழ் இருக்கு?" என்றார் ஹசின்தோ.

பிளெசில்லா விதிப்புத்தகத்தைப் புரட்டினாள். இறப்புச் சான்றிதழுக்குப் படுத்த உடல் வேண்டும், இவரோ நின்றுகொண்டிருக்கிறார். ஓய்வூதியத்துக்கு அறுபது வயது, இரண்டு அடையாள அட்டை, நேரில் ஆள். எல்லாம் சரியாக இருந்தன. இதயத் துடிப்பை எந்த ஃபாரமும் கேட்கவில்லை. முத்திரை குத்திவிட்டாள்.

ஏழு வருடம் ஓடியது. ஒவ்வொரு பிறந்த மாதத்திலும் ஹசின்தோ நேரில் போய், தான் உயிரோடிருப்பதாகக் கையெழுத்திட்டார். மற்ற நாட்களில் வீட்டில் சில்லென்று உட்கார்ந்திருந்தார். கோடையில் பக்கத்து வீட்டார் குளிர்பானப் புட்டிகளை அவர் மடியில் வைத்துவிட்டுப் போவார்கள். நடுவில் சேதி கேள்விப்பட்டு எமில்தா தாவாவோவிலிருந்து வந்து இறங்கினாள்.

"செத்துத் தொலைய மாட்டியா?"

"செத்தாச்சு. உனக்குத்தான் ஒண்ணும் தேறாது."

எட்டாவது வருடம் நோர்மிதாவால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. ஊரில் மற்ற பிணமெல்லாம் நிம்மதியாகப் படுத்திருக்க, இவர் மட்டும் சட்டைக்குப் பொத்தான் போட்டுக்கொண்டிருந்தார்.

"போதும் லாங்கா, என் ராசா, படுத்துக்கோ. நான் எப்படியாவது பொழைச்சுக்கிறேன்."

"நீ சாப்பிடுற வரைக்கும் நான் நிப்பேன்," என்றார். அவள் வாய்விட்டு அழுதாள். பிறகு அவர் தலையை வாரிவிட்டாள்.

அலுவலகம் இதற்கெல்லாம் அசரவில்லை. முன்னுரிமை வரிசைப் பலகையில் முதியோர், கர்ப்பிணிகள், மாற்றுத்திறனாளிகள் என்று இருந்ததன் கீழே 'காலமானோர்' என்று மையால் எழுதிச் சேர்த்தார்கள். போன ஜனவரியில் அதில் பதினொரு பேர் நின்றார்கள். ஒவ்வொருவர் பக்கத்திலும், சட்டம் மனைவி என்று ஒப்புக்கொள்ளாத ஒருத்தி குடை பிடித்துக்கொண்டு நின்றாள்.