புதன், வியாழன், வெள்ளி

கடை திறந்து பத்து நிமிடம்கூட ஆகவில்லை. தேவானை வருகைப் பதிவேட்டில் அன்றைய பெயர்களுக்கு நேரே பச்சை மையால் ‘வ’ போட்டுக்கொண்டே வந்தாள். ஒவ்வொரு ‘வ’வுக்கும் கீழே ஒரு வால் இழுத்துவிடுவது அவள் வழக்கம். கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு ஒரு பெண் உள்ளே வந்து நேராக அவள் மேசைக்கு முன்னால் நின்றாள். கலீலின் மனைவி ஆஃப்ரீன் என்று புரிய தேவானைக்குச் சற்று நேரம் பிடித்தது. ஆறு வருடத்தில் அந்த முகத்தில் கன்ன எலும்பு மட்டும்தான் மிஞ்சியிருந்தது.

விற்பனைப் பெண் ஒருத்தி, “என்ன ரேஞ்ச்ல பாக்குறீங்கம்மா?” என்று ஓடிவந்தாள்.

“புடவ எடுக்க வரலம்மா. அக்காவாண்ட ஒரு பேச்சு பேசணும்.”

தேவானை அவளை மாடிக்கு, தையல் பகுதிக்கு, அழைத்துப் போனாள். போன பிறகுதான் வேறெங்காவது உட்கார்ந்திருக்கலாம் என்று தோன்றியது. அங்கேதான் கலீல் ஒன்பது வருடம் புடவைக்கு ஃபால்ஸ் தைத்தான்.

ஆறு வருடத்துக்கு முன்னால், தீபாவளிக்கு இரண்டு வாரம் இருக்கும்போது, ஒரு செவ்வாய்க்கிழமை பதினொன்றரை மணிக்குச் சீருடை இல்லாத மூன்று பேர் அந்தப் படியில்தான் ஏறினார்கள். பத்து நிமிட விசாரணை, அனுப்பிவிடுவோம் என்றார்கள். கலீல் வாயில் குண்டூசிகளைக் கவ்வியபடியே அவர்களோடு இறங்கி வந்தான். தேவானையின் மேசையில் நின்று, ஊசிகளை ஒவ்வொன்றாக எடுத்து ஒரு டப்பா மூடியில் போட்டான். “அக்கா, அந்த மாம்பழக் கலர் பட்டு மூணு மணிக்கு வாங்க வருவாங்க. நான் வந்து முடிச்சுக் குடுத்துடறேன்.” போனவன் வரவில்லை. அடுத்த வாரம் செய்தித்தாளில் அவன் படம் வந்தது. வெள்ளிக்கிழமை இரவு எட்டு மணிக்கு மாம்பலம் ரயில் நிலையத்துக்கு அருகே சிறப்பு உளவுப் பிரிவு அவனைப் பிடித்ததாகவும், குண்டு வைக்கத் திட்டமிட்டதை அவன் ஒப்புக்கொண்டதாகவும் போட்டிருந்தது. நாலு வருடம் சிறையில் இருந்தான். அந்த ஒப்புதல் தாளைத் தவிர வழக்கில் வேறு எதுவும் இல்லை என்று நீதிமன்றம் விடுவித்தது. அவனைச் சித்திரவதை செய்தது யார் என்று விசாரிக்க இப்போது ஓர் ஆணையம் உட்கார்ந்திருந்தது.

“வெள்ளிக்கெழம நைட்டு புடிச்சோம், சனிக்கெழம காலைல ஜட்ஜாண்ட நிறுத்திட்டோம், நடுவுல எங்க டைம் கீது அடிக்கறதுக்குன்றாங்க,” என்றாள் ஆஃப்ரீன். “செவ்வாக்கெழம தூக்கினு போனத உங்க கடையில இருந்தவங்க பாத்தீங்க. அத வந்து சொல்லணும். இன்னொண்ணும் கீதுக்கா. கடை ரிஜிஸ்டர்னு ஒரு ஜெராக்ஸ் குடுத்துகிறாங்க. புதன், வியாழன், வெள்ளி மூணு நாளும் அவரு வேலைக்கு வந்துகிறாராம். கடை சீல் வேற. எவ்ளோ தைரியம் பாருங்க. அது டூப்ளிகேட்னு நீங்க ஒரு வார்த்த சொன்னா போதும்.”

கீழே யாரோ பட்டு விரித்துக் காட்டும் சத்தம் கேட்டது. தேவானை சத்தம் வந்த பக்கம் பார்த்தாள்.

“கலீல் அனுப்புனானா?”

“அவருக்குத் தெரியாது. மூணு தபா கேட்டேன். அக்காவ கூப்புட வேணாம், விட்டுடுன்னாரு.”

அவன் குணம் அப்படித்தான், யாரையும் தொந்தரவு செய்யமாட்டான் என்று தேவானை நினைத்துக்கொண்டாள். “வரேன்,” என்றாள்.

அன்று மதியம் பரணில் ஏறி அந்த வருடத்துப் பதிவேட்டைத் தேடி எடுத்தாள். பார்க்க வேண்டிய அவசியமே இல்லை. ஆனாலும் பார்த்தாள். கலீலின் பெயருக்கு நேரே செவ்வாய், புதன், வியாழன், வெள்ளி. நாலு ‘வ’, நாலு வால், பச்சை மை மங்காமல் இருந்தது.

செவ்வாய்க்கிழமை ‘வ’ உண்மையானது. மற்ற மூன்றும் அவள் போட்டவை. தீபாவளி மாதத்தில் சொல்லாமல் கொள்ளாமல் மூன்று நாள் வராதவன் பெயரை அடித்துவிட வேண்டும் என்பது கடை விதி. கடை முதலாளியான அவள் கணவர் இசக்கிமுத்து அதில் அண்ணன் தம்பி என்றுகூடப் பார்க்கமாட்டார். புதன்கிழமை காலையில் பேனா அந்தக் கட்டத்துக்கு வந்தபோது, இன்றைக்குச் சாயங்காலம் வந்துவிடுவான், வருகிறவனுக்கு வேலை இருக்க வேண்டும் என்று நினைத்து ‘வ’ போட்டாள். அப்போது மனதில் ஏதோ நல்லது செய்த நிறைவுகூட இருந்தது. இத்தனை வருடத்தில் அவள் எத்தனையோ முறை நினைத்துப் பார்த்தது குண்டூசிகளைத்தான். இந்த மூன்று எழுத்தை ஒரு தடவைகூட நினைக்கவில்லை. எப்படி நினைக்காமல் இருந்தேன் என்று பரணின் தூசிக்குள் உட்கார்ந்து தன்னையே கேட்டுக்கொண்டாள். மறந்துபோனதா, மறக்க விட்டதா என்று பிரித்துச் சொல்ல அவளால் முடியவில்லை.

அந்த வாரம் வியாழக்கிழமை கடைக்கு வந்தவரும் ஞாபகத்துக்கு வந்தார். வெள்ளைச் சட்டை, மரியாதையான பேச்சு. கலீல் விஷயமாக ஒரு சின்னச் சரிபார்ப்பு, வருகைப் பதிவேட்டின் ஜெராக்ஸ் ஒன்று வேண்டும் என்றார். ஒழுங்காக வேலைக்கு வருகிற பையன் என்று தெரிந்தால் சீக்கிரம் விட்டுவிடுவார்கள் என்று நினைத்து அவளே பக்கத்தைத் திறந்து காட்டினாள். “ஒரு நாள் லீவு போட்டது கிடையாது சார்.” அவர் புதன்கிழமைக் கட்டத்தையும் வியாழக்கிழமைக் கட்டத்தையும் விரலால் தொட்டுப் பார்த்தார். ஒன்றும் கேட்கவில்லை. கேட்கவில்லையே என்று அவளுக்கு நிம்மதியாக இருந்தது. காபி வரவழைத்துக் கொடுத்தாள். அந்தச் சனிக்கிழமை வேறொருவர் வந்து வெள்ளிக்கிழமையும் சேர்ந்த நகலைக் கடை முத்திரையோடு வாங்கிக்கொண்டு போனார்.

பதிவேட்டை எடுத்த அன்று இரவு இசக்கிமுத்து சாப்பிட்டுக்கொண்டே கேட்டார். “ஏளா, நீ என்னத்துக்கு அங்கெல்லாம் போவணுங்கேன்? அன்னைக்கு நாம வாயத் தொறக்கல, அதான் இன்னைக்குக் கடை இருக்கு.”

“செவ்வாக்கெழம கூட்டிட்டுப் போனத நீங்களும்தான பாத்திய?”

“நான் பில்லு போட்டுக்கிட்டு இருந்தேன். எதையும் பாக்கல.” மோரை ஊற்றிப் பிசைந்தார். “போறதுன்னா போ. ஆனா புஸ்தகத்துல என்ன இருக்கோ அதச் சொல்லு. நம்ம புஸ்தகத்த நாமளே பொய்யின்னு சொன்னா ஊர்ல எவன் நம்மள மதிப்பான்?”

அன்று படுக்கையில் அவளுக்குப் பல யோசனைகள் ஓடின. பதிவேட்டைக் கொளுத்திவிடலாம். அது என் கையெழுத்தே இல்லை, எவனோ என்னைப் போலவே எழுதியிருக்கிறான் என்று சொல்லலாம். சொன்னால் நடந்த உண்மை நிற்கும். பொய் சொல்வதற்கு இதைவிட நல்ல காரணம் ஒருவருக்கு வாழ்க்கையில் கிடைக்கப்போவதில்லை. ஆனால் பொய்யை எப்படிச் சொல்வது என்று ஒத்திகை பார்க்கும்போதெல்லாம் அவள் நாக்கு ‘வ’வுக்கு வால் இழுப்பதைப் போல ஒரே இடத்தில் வளைந்து நின்றது.

சனிக்கிழமை மயிலாப்பூரில் சித்திரக்குளத்துக்குப் பின்னால் வழக்கறிஞர் வேம்பு மாமி வீட்டுக்குப் போனாள். கலீலுக்காக வாதாடுகிறவர். அறுபது வயதுக்கு மேல். முன்னறை முழுக்கக் கட்டுக்கட்டாகக் காகிதம். ஜவுளிப் பையிலிருந்து பதிவேட்டை எடுத்துத் தேவானை நடந்ததை எல்லாம் சொன்னாள். வேம்பு மாமி மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

“இது ஒரிஜினலா இருக்கும்னு நேக்கு ஒரு சந்தேகம் இருந்தது,” என்றார். “பொய்யின்னு சொல்லாதீங்கோ. ஒரிஜினலைக் கொண்டு வாங்கோன்னா அப்பவே மாட்டிப்பேள். கலீலைக் கூட்டிண்டு போன அந்த மூணு பேரோட பேர் என்னன்னு ஒரு வருஷமாக் கேட்டுண்டிருக்கேன். அந்தத் தேதியில யாரையும் அனுப்பலே, அனுப்பியிருந்தாலும் பேர் சொல்ல முடியாது, தேசப் பாதுகாப்புன்னு ரெண்டையும் ஒரே லெட்டர்ல எழுதியிருக்கா.”

“அப்ப நான் வரவா வேண்டாமா?”

“நீங்க வரலேன்னா அவா சொன்னது நிக்கும். வந்தேள்னா நீங்க சொன்னது நிக்காது. அவ்வளவுதான் வித்தியாசம்.” கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டார். “ஆனாலும் வாங்கோ. யாராவது ஒருத்தர் வாயால அது ரெக்கார்டுல ஏறணும். ஆஃப்ரீன் கிட்ட மட்டும் முன்னாடியே சொல்லிடுங்கோ.”

தேவானை சொல்லவில்லை. இரண்டு முறை எண்ணை எடுத்தாள். இரண்டு முறையும் கைப்பேசியைத் திரும்ப வைத்தாள்.

அடையாற்றில் ஓர் அரசுக் கட்டடத்தின் இரண்டாம் மாடியில் விசாரணை நடந்தது. கலீல் முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தான். தலை பாதி நரைத்திருந்தது. முப்பத்தெட்டு வயதுதான். இரண்டு கைகளையும் மடியில் வைத்திருந்த விதம், யாரோ கொடுத்துவிட்டுப் போன பொருளை வைத்திருப்பவன் போல இருந்தது. வலது கை விரல்கள் மடங்கவில்லை. எதிர்ப்பக்கம் உளவுப் பிரிவின் வழக்கறிஞர் மட்டும்தான். அவர் பின்னால் அதிகாரிகளுக்குப் போட்டிருந்த நாற்காலிகள் காலியாக இருந்தன.

செவ்வாய்க்கிழமை நடந்ததைத் தேவானை சொன்னாள். குண்டூசியைச் சொன்னாள், மாம்பழக் கலர் பட்டைச் சொன்னாள். ஆணையத் தலைவர் எழுதிக்கொண்டார். ஆஃப்ரீன் அவளைப் பார்த்துத் தலையாட்டினாள்.

உளவுப் பிரிவின் வழக்கறிஞர் எழுந்தார். சின்ன வயதுக்காரர், குரலை உயர்த்தவே இல்லை.

“அம்மா, இந்த நகல்ல இருக்கிறது உங்க கையெழுத்துங்களா?”

ஆஃப்ரீனின் முகம் ‘இல்லை’ என்ற சொல்லுக்குக் காத்திருந்தது. தேவானை அதைப் பார்க்காமல் மேசை விளிம்பைப் பார்த்தாள்.

“என் கையெழுத்துதான்.”

“புதன், வியாழன், வெள்ளி?”

“நான்தான் போட்டேன். ஆனா அவன் வரல. வராமலே போட்டேன்.”

“எதுக்காகம்மா?”

“மூணு நாள் வரலன்னா பேர அடிச்சிருவாங்க. திரும்பி வந்தா வேலை இருக்கணும்ல.”

பின்வரிசையில் யாரோ லேசாகச் சிரித்தார்கள். வழக்கறிஞர் சிரிக்கவில்லை. “தீவிரவாத வழக்குல மாட்டினவரோட வேலை போயிடக் கூடாதுன்னு பொய்யான பதிவேடு எழுதினீங்க. அதுல முத்திரையும் வெச்சுக் குடுத்தீங்க. அப்ப எழுதினது பொய்யா, ஆறு வருஷம் கழிச்சு இப்ப சொல்றது பொய்யா?”

“எழுதினதுதான் பொய்.”

“நகல் வாங்க வந்தவர் யாரு?”

“பேர் தெரியாது.”

“அடையாள அட்டை பார்த்தீங்களா?”

“கேக்கல. காபி குடுத்தேன்.”

தலைவரின் பேனா நின்றது. அவர் அதை மூடிச் சட்டைப் பையில் செருகினார். வேம்பு எழுந்து ஏதோ வாதாடினார். தேவானைக்கு அது காதில் விழவில்லை. அசல் பதிவேட்டை நீட்டியபோது எழுத்தர், “வேணாம்மா, நகல் இருக்கு, எடுத்துட்டுப் போயிடுங்க,” என்றார்.

வெளியே நடைகூடத்துப் பெஞ்சில் கலீல் தனியாக இருந்தான். ஆஃப்ரீன் படிக்கட்டுப் பக்கம் திரும்பி நின்றிருந்தாள். தேவானை பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். பதிவேட்டுப் பையை மடியில் வைத்துக்கொண்டாள்.

“நீங்கதான் போட்டீங்கன்னு எனக்குத் தெரியும்க்கா,” என்றான் கலீல். “அந்த வாலு வேற யாருக்கு வரும்.”

“உனக்கு எப்பத் தெரியும்?”

“வியாழக்கெழமயே.” அவன் அவளைப் பார்க்கவில்லை. “எந்த எடம்னு தெரியல, கண்ண கட்டி வெச்சிருந்தாங்க. அலைச் சத்தம் மட்டும் கேட்டுக்கினே இருந்துச்சு. பாலவாக்கமா இருக்கும்னு நெனச்சேன். ரெண்டு நாள் தாங்கிட்டேன்க்கா. என்ன பண்ணாலும் கையெழுத்து போடல. அப்புறம் கட்ட அவுத்து ஒரு பேப்பர காட்டுனாங்க. பாரு, நீ கடையிலதான் இருக்க, இங்க இல்ல, கடையில இருக்கறவன இங்க எவன் வந்து தேடுவான்னாங்க. அதப் பாத்துட்டுப் போட்டேன்.”

தேவானை மடியிலிருந்த பையைத் தரையில் இறக்கி வைத்தாள்.

“கடையக் காப்பாத்திக்கப் போட்டீங்கன்னு நெனச்சினு இருந்தேன். அவங்க கேட்டு, நீங்க போட்டுக் குடுத்தீங்கன்னு. பேர அடிக்கக் கூடாதுன்னா போட்டீங்க?”

“ஆமா.”

அவன் தலையைச் சுவரில் சாய்த்துக்கொண்டான். “இதுக்கு அதுவே தேவலாம்க்கா. உள்ள நாலு வருஷம் உங்களத் திட்டிக்கினே ஓட்டிட்டேன். அவங்க மூஞ்சி சரியா ஞாபகம் இல்ல, பேரும் தெரியாது. உங்க பேருதான் தெரியும்.”

சாய்ந்தபடியே கேட்டான். “என்னத் தேடுனீங்களா?”

“ஸ்டேஷனுக்கு போன் பண்ணேன். எங்க லிமிட்ல யாரையும் கூட்டிட்டு வரலன்னாங்க.”

“எத்தினி தபா பண்ணீங்க?”

பொய் இப்போது எளிதாக இருந்திருக்கும்.

“ஒரு தடவ.”

கலீல் தலையாட்டினான். கடையில், ஒரு புடவையின் நீளம் சரியாக இருக்கிறது என்று சொல்ல அப்படித்தான் தலையாட்டுவான். ஆஃப்ரீன் வந்தாள். தேவானை அங்கே இல்லாதது போலக் குனிந்து, அவன் செருப்பின் வாரை இழுத்து மாட்டிவிட்டாள். அவன் விரல்களால் அதைச் செய்ய முடியாது. இருவரும் மெதுவாகப் படியிறங்கிப் போனார்கள். சத்தம் ஓய்ந்த பிறகும் தேவானை எழுந்திருக்கவில்லை. அறையைப் பூட்ட வந்த பணியாள், “யாருக்காகம்மா வெயிட் பண்றீங்க?” என்றார்.