சாணளவு பெட்டிக்கு ஒரு ஃபிட்

ஒச்சப்பன் மாதிரியாகச் செய்த ரயில் சரக்குப் பெட்டி ஒரு சாண் நீளம்கூட இல்லை. ஆனால் அதற்காக அவர் பட்ட பாட்டைச் சொல்லக் கேட்டால், பழனி மலைக்குப் படி வெட்டியதே அவர்தானோ என்று தோன்றும். எட்டு மாதம், நாற்பது பிளேடு, இரண்டு மூக்குக் கண்ணாடி. டீக்கடைப் பேச்சில் அந்த எட்டு மாதம் எட்டு வருடமாகியிருந்தது.

திண்டுக்கல் ஸ்டேஷன் முகப்பில் புதிதாக வைத்திருக்கும் கண்ணாடிப் பேழையில் அந்தப் பெட்டி நிற்க வேண்டும் என்பது அவர் ஆசை. ஸ்டேஷன் மாஸ்டர் ஒரே நிபந்தனைதான் போட்டார். அசலைத் தெரிந்த ஒருவர் பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும். இன்று பதினொரு மணிக்குப் பேழையைப் பூட்டிவிடுவார்கள்.

அசலைத் தெரிந்தவர் என்றால் சகாயசெல்விதான். ஒச்சப்பன் குட்ஸ் ஷெட்டில் கிளார்க்காக இருந்த காலமெல்லாம், கையில் சுத்தியலோடு சக்கரம் சக்கரமாகத் தட்டிப் பார்த்து, ஓடும் பெட்டிக்கு ‘ஃபிட்’டும் ஓடாததற்கு ‘சிக்’கும் எழுதியவர்.

காலை ஒன்பதரைக்கு, பேகம்பூரில் சகாயசெல்வி வீட்டுச் சாப்பாட்டு மேசையில் பரிசோதனை நடந்தது. சுத்தியலுக்குப் பதில் டீஸ்பூன். எட்டுச் சக்கரத்தையும் தட்டிக் காது கொடுத்துக் கேட்டார். அடிப்பாகத்தை முகம் பார்க்கும் கண்ணாடியில் பார்த்தார். பெட்டியைத் திருப்பினார். ஒரு துண்டுச் சீட்டில் ‘சிக்’ என்று எழுதி ஒட்டினார்.

“என்னத்தா இது?”

“கதவோரத்துத் தகர ஒட்டு ரெண்டு பக்கமும் இருக்குண்ணே. நாங்க சக்கரம் தட்டுற பக்கம் அது கிடையாது.”

“உனக்கு வயசாயிருச்சு செல்வி.”

“எனக்கே வயசாயிருச்சுன்னா, நீங்க அடுத்த பிறவியில அஞ்சாப்பு படிச்சுக்கிட்டு இருக்கணும். வண்டியில ஏறுங்க.”

அசல் பெட்டி ஓட்டம் முடிந்து, குட்ஸ் ஷெட்டுக்குப் பின்னால் தனி லைனில் தட்டுமுட்டுச் சாமான்களோடு நின்றது. ஸ்கூட்டரின் பின்னால் மாதிரியைப் பச்சைப் பிள்ளை போல அணைத்தபடி ஒச்சப்பன் வந்து இறங்கினார். பிளாட்பாரப் பக்கம் பார்த்தார்கள். தகர ஒட்டு, அதில் ஆறு ஆணி, எல்லாம் அப்படியே. அவர் நெஞ்சு சட்டைப் பொத்தானைத் தெறிக்க விடப் பார்த்தது.

மறுபக்கம் போனார்கள். வெறும் தகடு, மழமழவென்று.

“அந்த ஒட்டு எப்படி வந்துச்சு?” என்றார் சகாயசெல்வி.

“வெங்காய லாரி ரிவர்ஸ்ல வந்து இடிச்சுச்சு. நான் போட்ட சத்தம் நிலக்கோட்டை வரைக்கும் கேட்டுச்சே.”

“இந்தப் பக்கம் தண்டவாளம்ல கெடக்கு. லாரி டிக்கெட் எடுத்துக்கிட்டு வந்துச்சாக்கும்?”

ஒச்சப்பன் பெட்டியை இரண்டு சுற்றுச் சுற்றி வந்தார். பிளாட்பாரத்தில் நின்று மூட்டை எண்ணியே காலம் போயிருந்தது. பெட்டிக்கு மறுபக்கம் என்று ஒன்று உண்டு என்பதே இன்றைக்குத்தான் அவருக்குப் பட்டது. ஒரு பக்கத்தைப் பார்த்து இரண்டு பக்கத்தையும் செய்திருந்தார்.

மணி பத்தே கால்.

“பேழை செவத்தை ஒட்டித்தானே இருக்கு. பின்பக்கத்தை யாரு பாக்கப் போறா?”

“நான் பாத்துட்டேன்ல.”

ஒச்சப்பன் அங்கேயே கல்லில் உட்கார்ந்து பிளேடை எடுத்தார். மூச்சுக்கூட விடாமல் தகர ஒட்டின் ஓரத்தை நெம்பினார். பெயின்ட்டுக்கு மேலேயே ஒட்டியிருந்ததால் அலுங்காமல் வந்தது.

“அந்தக் கீழ்ப்படியையும் பாருங்க. அசல்ல வளைஞ்சிருக்கு.”

“யாரு மிதிச்சா?”

“நான்தான்.”

“படியோட போச்சே. பெட்டி கவுந்திருக்கணும்.”

சகாயசெல்வி கொண்டை ஊசியை உருவி, மாதிரியின் கீழ்ப்படியைத் தாமே வளைத்தார். அசலைப் பார்த்தார், மாதிரியைப் பார்த்தார், இன்னும் ஒரு நூல் வளைத்தார். பிறகு தாளில் எழுதினார்: ஃபிட், பத்து நாற்பது.

பதினொன்றுக்கு ஐந்து நிமிடம் இருக்கையில் பெட்டி பேழைக்குள் போனது. எந்தப் பக்கம் வெளியே தெரியணும் என்று ஸ்டேஷன் மாஸ்டர் கேட்டார். “தங்கச்சி பக்கம்” என்றார் ஒச்சப்பன், சகாயசெல்வியைக் காட்டி. அவருக்கே அது அதிசயமாக இருந்தது.

பூட்டுப் போடுவதற்குள் பழனி வண்டிக்கு நின்ற கூட்டம் கூடிவிட்டது. ஒருவர், “படி ஏன் வளைஞ்சிருக்கு?” என்றார்.

“அதுவா, ஒரு ஆனை ஏறுச்சு. நான் கண்ணால பாத்தேன்.”

“அந்த ஆனை இங்கனதான் நிக்குது” என்றார் சகாயசெல்வி, ஸ்கூட்டர் சாவியை விரலில் சுழற்றியபடி. “உங்களை வீட்டுல கொண்டுபோயி விடணுமா, வேணாமா?”