ஆம்ப்ளிஃபயர் போட்ட பனியன்

ஈஸ்வரமூர்த்தி தன் பனியன் கம்பெனிக்கு ஆம்ப்ளிஃபயர் வாங்கியது பாட்டுக் கேட்பதற்காக அல்ல. எண்பது பேர் தைக்கிற கூடத்தில் நடந்து போய்த் திட்ட அவருக்கு உடம்பு வளையவில்லை. உட்கார்ந்த இடத்திலிருந்தே மைக்கில் திட்டலாம் என்று யாரோ சொல்லிக்கொடுக்க, ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்து மூன்றில் ஒரு டிரான்சிஸ்டர் ஆம்ப்ளிஃபயரும் நாலு ஸ்பீக்கரும் வந்து இறங்கின. திட்டாத நேரத்தில் ரேடியோ பாடும். அன்றைக்குத் திருப்பூரில் நாலு காசு பார்த்தவர்கள் எல்லோருக்கும் இப்படி ஏதாவது ஒரு கிறுக்கு இருந்தது.

அது ரெண்டே மாசத்தில் ஊமையாகி என் கடைக்கு வந்தது. மீரா சாகிப் ரேடியோ கடை என்றால் பல்லடம் ரோட்டில் தெரியாதவர்கள் இல்லை. ஆத்தப்பன்தான் நியூஸ்பேப்பரில் சுற்றிக் கொண்டுவந்தார். கம்பெனி சூப்பர்வைசர், முதலாளி தும்மினால் தன் மூக்கைத் துடைத்துக்கொள்கிற ஆள். திறந்து பார்த்தேன். உள்ளே இருந்த போர்டில் பவர் டிரான்சிஸ்டர் கருகி, அதனடியில் ஒட்டியிருந்த செம்புக் கோடும் பெயர்ந்து போயிருந்தது. டிரான்சிஸ்டரை மாற்றி, கோடு போன இடத்தில் ஒயர் வைத்துப் பற்றவைத்துக் கொடுத்தேன். ரெண்டு மாசம் ஓடியது. மறுபடியும் அதே இடம் கருகியது. மறுபடியும் சரிசெய்தேன். அதுவும் ரெண்டு மாசம்தான்.

மூன்றாம் முறை பெட்டி வரவில்லை, பேச்சு வந்தது. மீரா சாகிப் பழைய டிரான்சிஸ்டரைப் போட்டு ஏமாற்றுகிறான், இனி ரிப்பேரே கிடையாது, கோயமுத்தூரிலிருந்து புது போர்டே வாங்கிப் போடப்போகிறேன் என்று முதலாளி டீக்கடையில் சொல்லியிருக்கிறார். பணம் உள்ளவன் சொன்னால் எங்கள் ஊருக்கு அது வேதவாக்கு. அந்த வாரமே மூன்று பேர் கொடுத்திருந்த ரேடியோவைத் திருப்பி வாங்கிக்கொண்டு போனார்கள். எங்கள் பள்ளிவாசல் ஆம்ப்ளிஃபயரைப் பதினோரு வருஷமாக நான்தான் பார்த்து வந்தேன். அதையும் வேறு இடத்தில் காட்டலாமா என்று ஜமாத்தில் பேச்சு எழுந்தது. பழைய சாமானைப் புதுசு என்று சொல்லி நான் ஒருநாளும் விற்றதில்லை. வீட்டில் புலம்பினேன். பேசாமல் நேரில் போய்க் கேட்டுவிட்டு வாருங்கள் என்றாள் என் மனைவி முனவர் பேகம்.

போனேன். தையல் கூடத்து மூலையில், மேஜைமேல், ஆம்ப்ளிஃபயர் பனியன் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தது. விளையாட்டுக்குச் சொல்லவில்லை. பஞ்சுத் தூசி படியாமல் இருக்க, கெட்டித் துணியை ரெட்டையாக மடித்து, அளவெடுத்துத் தைத்த பனியன். குமிழ்களுக்கு ஓட்டை, முதுகில் பட்டன், நெஞ்சில் கம்பெனி லேபிள். சூடு வெளியேறுகிற துவாரம் ஒன்றுகூட மிச்சமில்லை. என் கடைக்கு அனுப்பும்போது மட்டும் கறைபடும் என்று கழற்றி வைத்துவிடுவார்களாம். அதனால்தான் இத்தனை நாள் என் கண்ணில் படவில்லை.

பெட்டிக்குக் காற்று வேண்டும், இதைக் கழற்றிவிட்டால் என் ரிப்பேரே பல வருஷம் தாங்கும், கழற்றாவிட்டால் எந்தப் புது போர்டும் நிற்காது என்று ஈஸ்வரமூர்த்தியிடம் பொறுமையாகத்தான் சொன்னேன். அவர் பனியனை ஆசையாகத் தடவிக்கொண்டே கேட்டார்.

“ஏனுங்க பாய், சித்திரை வெயில்ல ஊரே நம்ம பனியனைப் போட்டுட்டுத் திரியுது. ஒருத்தனாச்சும் வெந்து செத்தானுங்களா?”

ஆத்தப்பன் சிரித்தார். பக்கத்து மெஷின்காரர்களும் சிரித்தார்கள். இந்த மண்டைக்குள்தான் எண்பது குடும்பத்தின் சோறு இருக்கிறதே என்று நினைத்துக்கொண்டேன். கேட் வரைக்கும் கூட வந்த ஆத்தப்பன் குரலைத் தாழ்த்திப் புத்தி சொன்னார். அந்தப் பனியன் முதலாளியே யோசித்துத் தைக்கச் சொன்னதாம், சரக்கெடுக்க வந்த கல்கத்தாப் பார்ட்டியிடம் காட்டிப் பெருமைப்பட்டதாம். பனியனைக் குறை சொல்லிவிட்டுத் திருப்பூரில் கடை போட முடியாது என்றார்.

புது போர்டு வந்தது. தேங்காய் உடைத்து, சூடம் காட்டி, பனியனை மாட்டிவிட்டார்கள். பத்தொன்பதாம் நாள், முதலாளி மைக்கில் யாரையோ திட்டிக்கொண்டிருந்தபோதே பனியனுக்குள்ளிருந்து புகை வந்தது. ஒரு மணி நேரத்தில் எனக்கு ஆள் வந்துவிட்டது.

இந்த முறை அத்தனை பேர் முன்னாலும் கேட்டே விடுவது என்றுதான் கிளம்பினேன். கூடத்திலேயே உட்கார்ந்து, கருகிய புது போர்டைச் சரிசெய்தேன். ஸ்பீக்கர் இரைந்தது. நான் வாயைத் திறப்பதற்குள் ஈஸ்வரமூர்த்தி மைக்கைப் பிடித்துக்கொண்டார்.

“எல்லாருங் கேட்டுக்குங்க. கோயமுத்தூரு புது போர்டு பத்தொம்போது நாளு. நம்ம பாய் கை வெச்சது ரெண்டு மாசம். இனி இந்தக் கம்பெனிக்கு மீரா பாயைத் தவுத்து வேற ஆளு கெடையாதுங்க.”

எண்பது பேரும் கை தட்டினார்கள். அந்தச் சத்தம் இனித்தது, மறைப்பானேன். மைக்கை வைக்காமலேயே அவர் பனியனை என் பக்கம் நீட்டி, போட்டுவிடலாமா என்று கேட்டார். கேட்கத்தான் செய்தார். சொல்ல வேண்டியது என் நாக்கு நுனி வரைக்கும் வந்தது. திரும்பி வரவேண்டிய மூன்று ரேடியோக்கள் நினைவுக்கு வந்தன.

“போடுங்க மொதலாளி” என்றேன். முதுகுப் பட்டனையும் நானே போட்டுவிட்டேன்.

இத்தனை நேரம் அவரைக் கிறுக்கன் என்றேனே, அவருக்காவது உண்மை தெரியாது. ரேடியோக்கள் திரும்பி வந்தன, கூடவே புதிதாகவும் நாலு வந்தன. ஜமாத்திலும் வேறு இடம் என்ற பேச்சு அடங்கியது.

நோன்பு மாசத்தில் ஒருநாள் பள்ளிவாசல் செயலாளர் முஸ்தபா, ஆம்ப்ளிஃபயரைத் தூக்கிக்கொண்டு கடைக்கு வந்தார். பதினோரு வருஷத்தில் முதல் முறையாக உள்ளே கருகி, பயான் பிரசங்கம் பாதியில் நின்றுபோயிருந்தது. அந்தப் பெட்டியும் நெஞ்சில் கம்பெனி லேபிளோடு புதுப் பனியன் போட்டிருந்தது. இதை யார் போட்டது என்று கேட்டேன்.

“ஈஸ்வரமூர்த்தி மொதலாளி தெச்சுக் குடுத்தாருங்க” என்றார் முஸ்தபா. “நீங்களே போடச் சொன்னீங்கன்னாரு, பாய். அப்பறம் நாங்க யாரைக் கேக்கோணும்?”