பானட்டுக்குக் கீழே ஒரு பொத்தான்

எனக்குப் பொறுமை என்பதே கிடையாது. லீவு நாளில் காரைப் பார்க்க இறங்கினால், நான் இன்ஜின் பக்கம் நிற்பேன், என் மனைவி வெண்ணிலா உள்ளே உட்கார்ந்து சாவியைத் திருப்ப வேண்டும். “இப்போ”, “நிறுத்து”, “நிறுத்துன்னு சொன்னேன் இல்ல” என்று கத்திக் கத்தி, சண்டையில்தான் முடியும். அதனால் இன்ஜினை மூடும் பானட்டுக்குக் கீழேயே ஒரு பொத்தானை வைத்துவிட்டேன். அழுத்தினால் ஸ்டார்ட்டர் சுற்றும். இனி யார் தயவும் வேண்டாம் என்று ஒரு வாரம் வேலைக்குப் போகும் பெங்களூர் ரயிலில் பெருமையடித்தேன்.

நந்திதுர்க் சுரங்கக் குடியிருப்பில் எங்கள் லைன், அதாவது எங்கள் வரிசை வீட்டுத் தெரு, நல்ல சரிவு. வண்டியை நிறுத்தினால் கியரில் போட்டுத்தான் நிறுத்துவோம். கியர் போடாத வண்டியைப் பார்த்தால், யாராக இருந்தாலும் ஜன்னலுக்குள் கையை விட்டுக் கியரைப் போட்டுவிட்டுத்தான் போவார்கள். அன்று எனக்கு லீவு. வண்டியை இறக்கத்தில் சுவரைப் பார்க்க நிறுத்தி, நியூட்ரலில் வைத்து, தேய்ந்த ஹேண்ட்பிரேக்கை இழுத்துவிட்டு, டீ குடிக்கப் போனேன். வண்டியிலிருந்து குடை எடுக்க வந்த வெண்ணிலா முதல் கியரைப் போட்டுவிட்டாள். அது எனக்குத் தெரியாது.

திரும்பி வந்து ஜன்னல் வழியாகச் சாவியை ஆன் செய்தேன். வண்டிக்கும் சுவருக்கும் நடுவில் நின்று பொத்தானை அழுத்தினேன்.

வண்டி பாய்ந்தது. என் முழங்கால்கள் இரண்டும் பம்பருக்கும் சுவருக்கும் நடுவில் மாட்டிக்கொண்டன. இன்ஜின் அணைந்துவிட்டது. எலும்பு இன்னும் உடையவில்லை, ஆனால் இரண்டு அங்குலம் வந்தால் போதும்.

“வெண்ணிலா!”

ஓடி வந்தாள். “இன்னாங்க இது! ஐயோ, நான்தான் கியர் போட்டேன்!” என்று கதவைத் திறந்து சாவியைப் பிடித்தாள்.

“சாவிய தொடாத!”

முதல் கியரில் திருப்பினால் வண்டி என் மேல் ஏறும். நியூட்ரலுக்கு எடுத்தால், பாய்ந்ததில் ஹேண்ட்பிரேக்கும் தளர்ந்திருக்கும், சரிவில் உருண்டு நசுக்கும். லைனில் வேலைக்குப் போகிறவர்கள் எல்லோரும் ரயிலேறிவிட்டார்கள், மிச்சமிருந்த பென்ஷன்காரர்களால் வண்டியைத் தள்ள முடியாது. ரிவர்ஸ் போட்டுச் சாவியைத் திருப்பினால் ஸ்டார்ட்டரே வண்டியைப் பின்னால் இழுக்கும். வேறு வழியில்லை. ஆனால் எங்கள் வண்டியில் முதல் கியரும் ரிவர்சும் பக்கத்துப் பக்கத்தில். கியர்க் குமிழுக்குக் கீழே இருக்கும் வளையத்தைத் தூக்கினால்தான் ரிவர்ஸ், தூக்காவிட்டால் முதல் கியர். பானட் திறந்திருந்ததால் அவள் கை எனக்குத் தெரியவில்லை.

“பிரேக்க அழுத்து. விட்டுடாத. கிளட்ச அழுத்து. வளையத்த தூக்கி ரிவர்ஸ் போடு.”

கியர் விழுந்த சத்தம் கேட்டது. பம்பர் லேசாக அசைந்தது. நான் அலறிவிட்டேன்.

“வளையத்த தூக்கினியா?”

“தூக்கிட்டேங்க.”

“ரிவர்ஸ்தானா? நல்லா பார்த்து சொல்லு!”

கியர்க் குமிழை ஆட்டிப் பார்க்கும் சத்தம் கேட்டது.

“ரிவர்ஸ்தாங்க.”

“கிளட்ச விடு. பிரேக்க விடு. சாவிய திருப்பு.”

கண்ணை மூடிக்கொண்டேன். பயத்தில் சாமி பேர் ஒன்றுகூட வாயில் வரவில்லை. ஸ்டார்ட்டர் முனகியது. பம்பர் முழங்காலை விட்டு விலகியது. அப்படியே பக்கவாட்டில் விழுந்து, கையாலேயே நகர்ந்து வெளியே வந்தேன்.

வெண்ணிலா பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

“நல்ல வேளை, சரியா பார்த்து சொன்னே” என்றேன்.

அவள் தலையை ஆட்டி மறுத்தாள். “எந்த கியர் விழுந்துச்சுன்னு எனக்குத் தெரியலீங்க. தெரியலன்னு சொன்னா கத்துவீங்கன்னுதான் ரிவர்ஸ்னு சொன்னேன்.”